ஆர்.ஏ. ஃபேக்டர் (முடக்குவாத ரத்தப் பரிசோதனை) நெகட்டிவ், எக்ஸ்ரே நார்மல், கை வலி மட்டும் போகவில்லை. எதை விட்டுவிட்டேன்?

புதுக்_கிளினிக்:
வணக்கம். தனியாக நோயாளி பார்க்க ஆரம்பித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, அடிப்படைக் கேள்வியாக இருந்தாலும் கேட்டுவிடுகிறேன். 38 வயதுப் பெண், 3 மாதமாக இரண்டு கையிலும் வலி. இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய் எழுந்து உட்கார்ந்து கையை உதறுகிறார். மணிக்கட்டை மடக்கி வைத்துப் பார்க்கும் ஃபேலன் சோதனையில் ஒரு நிமிடம் ஆகும் முன்பே மரப்பு வந்துவிட்டது, அதனால் கார்ப்பல் டனல் (மணிக்கட்டுக்குள் நரம்பு நசுங்குவது) என்று எழுதி, இரவில் மணிக்கட்டை அசையாமல் பிடிக்கும் ஸ்ப்ளிண்ட்டும் வலி மாத்திரையும் கொடுத்தேன். மரப்பு கொஞ்சம் குறைந்தது, வலி அப்படியே இருக்கிறது. காலையில் எழுந்து சீப்பைப் பிடிக்கவே ஒரு மணி நேரம் ஆகிறது என்கிறார். சர்க்கரையும் தைராய்டும் சரியாக உள்ளன. பாதத்திலும் வலி என்றார், அதைத் தனிப் பிரச்சினை என்று நினைத்துவிட்டேன்.

மூட்டு_மருத்துவர்:
கார்ப்பல் டனல் சரிதான், ஆனால் அது ஏன் இரண்டு கையிலும் வந்தது என்று அடுத்த கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும். மணிக்கட்டில் மூட்டின் உள்சவ்வும் தசைநாண் உறையும் வீங்கினால் மீடியன் நரம்பு நசுங்கும், முடக்குவாதம் சிலருக்கு இந்த மரப்பாகத்தான் முதலில் தலைகாட்டும். மூட்டுத் தேய்மானத்திலும் காலையில் விறைப்பு உண்டு, பெரும்பாலும் அரை மணிக்குள் விட்டுவிடும். வலியும் நகத்தை ஒட்டிய கணுவிலும் கட்டைவிரலின் அடியிலும்தான் அதிகம். முடக்குவாதம் விரல்களின் அடிக்கணு, நடுக்கணு, மணிக்கட்டு என்று பிடிக்கும்.

ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ் என்பதை வைத்து தயவுசெய்து யாரையும் திருப்பி அனுப்பாதீர்கள். முடக்குவாதம் உள்ளவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு அது நெகட்டிவாகவே இருக்கும், தொடக்கத்தில் எக்ஸ்ரேயிலும் ஒன்றும் தெரியாது. அவரைக் கூப்பிட்டு, கை குலுக்குவதுபோல் பிடித்து அடிக்கணுக்களைக் குறுக்காக அழுத்திப் பாருங்கள். அப்புறம் செருப்பைக் கழற்றச் சொல்லி முன்பாதத்தையும் அப்படியே அழுத்துங்கள். பாதத்தை யாருமே பார்ப்பதில்லை, எனக்கு இதில் ரொம்ப நாள் ஆதங்கம். எலும்பு அரிப்பு சிலருக்குக் கைக்கு முன்பே சுண்டுவிரல் பக்கத்துப் பாத எலும்பில் தெரியும், ஆகவே பாத எக்ஸ்ரேயும் எழுதுங்கள். சி.சி.பி. ஆன்டிபாடி (முடக்குவாதத்துக்கான இன்னொரு ரத்தப் பரிசோதனை), சி.ஆர்.பி. (உடலில் அழற்சி இருப்பதைக் காட்டுவது) இரண்டும் அனுப்புங்கள்.

கைப்_பயிற்சி:
பிசியோதெரபிஸ்ட் நான். அந்த ஸ்ப்ளிண்ட்டை ஒருமுறை கையில் வாங்கிப் பாருங்கள். கடையில் வருகிற பலவற்றில் உள்ளே இருக்கும் தகடு மணிக்கட்டை மேல்நோக்கி வளைத்தே வைத்திருக்கும், அது டனலுக்குள் அழுத்தத்தைக் கூட்டும். தகட்டை நேராக்கி விடுங்கள். கட்டைவிரல் மேட்டுச் சதை வற்றியிருந்தால் ஸ்ப்ளிண்ட் போட்டுக் காத்திருக்கக் கூடாது. இன்னொன்று, கணு வீங்கிச் சூடாக இருக்கும்போது பந்தை அமுக்கும் பயிற்சி சொல்லிக்கொடுக்காதீர்கள், வலிதான் கூடும்.

காலை_விறைப்பு:
நான் மருத்துவர் இல்லை, இதே நோயுடன் 6 வருடமாக இருப்பவள். எனக்கும் நெகட்டிவ் என்று சொல்லி 8 மாதம் வலி மாத்திரையிலேயே ஓட்டினார்கள், அதற்குள் இரண்டு விரல் கோணிவிட்டது. ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை எழுத நேர்ந்தால் வாரத்தில் எந்தக் கிழமை என்று பெயரோடு சீட்டில் எழுதிக் கொடுங்கள். எனக்கு வாய்வார்த்தையாகச் சொன்னார்கள், நான் தினமும் என்று புரிந்துகொண்டு மூன்றாம் நாள் தற்செயலாக வேறொருவர் பார்த்துத் தடுத்தார். தினமும் போட்டால் எலும்பு மஜ்ஜையே படுத்து உயிருக்கு ஆபத்து என்பது அப்புறம்தான் தெரிந்தது.

புதுக்_கிளினிக்:
இன்று வந்தார். முன்பாதத்தை அழுத்தியதும் காலை இழுத்துக்கொண்டார். முஷ்டி பிடிக்கச் சொன்னேன், ஆள்காட்டி விரல், நடுவிரல் அடிக்கணுக்களுக்கு இடையே இருக்க வேண்டிய பள்ளம் இரண்டு கையிலும் வீக்கத்தில் நிரம்பிக் கிடக்கிறது. போன தடவை இந்தக் கையைத்தான் நான் பிடித்துப் பார்த்தேன் என்று நினைக்கவே கஷ்டமாக இருக்கிறது. ஸ்ப்ளிண்ட் தகடும் வளைந்துதான் இருந்தது, நேராக்கிவிட்டேன். சி.சி.பி. வரும்வரை காத்திருக்கலாமா?

மூட்டு_மருத்துவர்:
வேண்டாம். 6 வாரம் தாண்டிய வீக்கம், உடனே மூட்டுவாத நிபுணருக்கு அனுப்பிவிடுங்கள், ரிசல்ட் பின்னால் போகட்டும். குழந்தை பெறும் எண்ணம் உண்டா என்று கேட்டுக் கடிதத்திலேயே குறிப்பிடுங்கள், கர்ப்பத்தில் மெத்தோட்ரெக்சேட் கூடாது.