புதுப்பிப்பு: டாப்ஸ் குரோம் பெட்டி திறந்த பிறகு

டாப்ஸ் நிறுவனத்தின் 'குரோம்' வரிசை (பளபளப்புப் படலம் ஒட்டிய, சேகரிப்புக்கான பேஸ்பால் வீரர் கார்டுகள்) பெட்டியைத் திறப்பது, பிரிப்பது பற்றி முன்பு எழுதியிருந்தேன். அந்தப் பதிவின் கீழே அதிகம் வந்த கேள்வி: குரோம் கார்டு ஏன் வளைகிறது?

முன்பக்கப் பளபளப்புப் படலம் ஈரத்தை உறிஞ்சாது, பின்பக்க அட்டை உறிஞ்சும். ஒரு பக்கம் மட்டும் விரிந்து சுருங்குவதால் வளைவு. அறை ஈரப்பதம் 45–50 சதவீதத்தில் இருந்தால் போதும். சூடு காட்டி நிமிர்த்தப் பார்க்காதீர்கள், படலம் கெடும்.

மெல்லிய பிளாஸ்டிக் உறை போடாமல் நேராக டாப்லோடரில் (மேலிருந்து கார்டைச் செருகும் கடினமான பிளாஸ்டிக் உறை) செருகினால் மேற்பரப்பு கீறும். மெல்லிய உறையின் வாய் ஓரத்தில் கத்தரியால் சின்னதாகச் சாய்த்து வெட்டிக்கொண்டால் கார்டின் மூலை இடிக்காது. சாதாரணக் கார்டுக்கு 35 பாயின்ட் டாப்லோடர் சரி (பாயின்ட் என்பது தடிமன் அளவு; 1 பாயின்ட் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று). ஜெர்சித் துணி பதித்த தடிமனான கார்டை அதில் திணித்தால் ஓரம் நசுங்கும். பலவற்றுக்கு 130 பாயின்ட் தேவைப்படும். கார்டுகளைத் தரம்பிரிக்கும் பி.எஸ்.ஏ. நிறுவனத்துக்கு மதிப்பீட்டுக்கு அனுப்புவதென்றால் டாப்லோடரே வேண்டாம், சற்று வளையக்கூடிய 'கார்டு சேவர் 1' என்ற பிளாஸ்டிக் உறை போதும்.

டாப்ஸின் இன்னொரு வரிசையான போமன் கார்டில் '1st' முத்திரை பார்த்து ரூக்கி கார்டு (வீரர் மேஜர் லீக்கில் அறிமுகமாகும் காலத்துக் கார்டு) என்று விற்பவர்கள் உண்டு. அது அந்த வீரரின் முதல் போமன் கார்டு, அவ்வளவே. ரூக்கிக்கு 'ஆர்.சி.' முத்திரை வேண்டும். 2006 முதல் அதுதான் நடைமுறை.

பெட்டியில் ரிடெம்ப்ஷன் சீட்டு (கார்டுக்குப் பதிலாக வைக்கப்படும், பிறகு நிறுவனத்திடம் கார்டாக மாற்றிக்கொள்ளும் சீட்டு) கிடைத்தால் பின்பக்கக் காலாவதித் தேதியை முதலில் பாருங்கள். பழைய பெட்டி வாங்குவோர் இதில்தான் ஏமாறுகிறார்கள்.