சர்சார்ஜ் கட்டியும் ஜிபி பதிவு மறுக்கிறார்கள், என்ன செய்வது?

கேள்வி:
ஸ்கில்டு ஒர்க்கர் விசாவில் இங்கிலாந்தில் வேலை பார்க்கிறேன். மனைவி டிபென்டன்ட் விசாவில் இப்போதுதான் வந்தாள். ஆளுக்கு வருடத்துக்கு 1,035 பவுண்டு ஹெல்த் சர்சார்ஜ் (அரசு மருத்துவ சேவையான என்ஹெச்எஸ்-ஐப் பயன்படுத்த விசாவோடு கட்டும் கட்டணம்), விசாக் காலம் முழுமைக்கும் சேர்த்து முன்கூட்டியே கட்டியாச்சு. அவள் இப்போது கர்ப்பம். ஜிபி சர்ஜரியில், அதாவது குடும்ப டாக்டரின் கிளினிக்கில், பதியப் போனால், அவள் பெயரில் கரண்ட் பில் கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பில் எல்லாம் என் பெயரில்தான் வருகிறது. பிரசவத்துக்கும் காசு கேட்பார்களோ என்று ரொம்பப் பயப்படுகிறாள்.

பதில்:
இங்கிலாந்தில் ஜிபியிடம் பதிய விலாசச் சான்றோ விசாவோ காட்டியே ஆக வேண்டும் என்று விதி கிடையாது. என்ஹெச்எஸ் வழிகாட்டுதலே அப்படித்தான் சொல்கிறது. பிராக்டிஸ் மேனேஜரிடம் பேசுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், 14 நாளுக்குள் தர வேண்டும்.

பதில்:
தம்பி, நான் இங்கே மிட்வைஃப் (பிரசவம் பார்க்கும் செவிலி). சர்சார்ஜ் கட்டி விசா வாங்கியவர்களுக்குப் பிரசவச் செலவு கிடையாது. சிசேரியன் ஆனாலும் சரி. அந்தப் பயத்தை முதலில் விடச் சொல்லுங்கள்.

ஜிபி பதிவு ஒரு பக்கம் நடக்கட்டும், அதற்காகக் காத்திருக்காதீர்கள். பக்கத்து மகப்பேறு ஆஸ்பத்திரியின் இணையதளத்தில் செல்ஃப் ரெஃபரல் படிவம் (ஜிபி கடிதம் இல்லாமல் நாமே பதியும் படிவம்) இருக்கும். கடைசி மாதவிலக்குத் தேதியைப் போட்டு இன்றைக்கே அனுப்பிவிடுங்கள். கர்ப்பத்தின் 10 வாரத்துக்குள் முதல் புக்கிங், அதாவது மிட்வைஃபுடன் முதல் சந்திப்பு, முடிய வேண்டும். தலசீமியா (பரம்பரை ரத்த நோய்) ரத்தப் பரிசோதனை அப்போதுதான் எடுப்போம். 11 முதல் 14 வாரத்துக்குள் வரும் ஸ்கேனைத் தவறவிட்டால், டவுன் சிண்ட்ரோமுக்கான கம்பைண்ட் டெஸ்ட்டும் போய்விடும். நம் பெண்கள் பலர் ஜிபி கடிதம் வரட்டும் என்றிருந்து 16, 17 வாரத்தில் வந்து நிற்கிறார்கள். எனக்கு மனசு ஆறுவதே இல்லை.

மெட்டர்னிட்டி எக்ஸம்ப்ஷன் சர்டிஃபிகேட்டையும் மறக்காமல் கேளுங்கள். மருந்துச் சீட்டுக்கும் என்ஹெச்எஸ் பல் வைத்தியத்துக்கும் பிரசவமாகி 12 மாதம் வரை காசு கட்ட வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
படிவம் அனுப்பிவிட்டோம் அக்கா, ரொம்ப நன்றி. குழந்தைக்கும் எங்கள் சர்சார்ஜே போதுமா?

பதில்:
பிறந்து 3 மாதம் வரை போதும், இடையில் நாட்டை விட்டுப் போகாமல் இருந்தால். அதற்குள் பிறப்பைப் பதிந்து, பாஸ்போர்ட் எடுத்து, விசாவுக்கு விண்ணப்பித்து, அதன் பங்குக்கு வருடம் 776 பவுண்டு கட்டிவிடுங்கள். பாஸ்போர்ட்தான் இழுக்கும், அதை முதலில் தொடங்குங்கள் தம்பி.