தி லாங் டார்க்: ஒரு மணி நேரம் தூங்கி எழுந்தால் கறி கரியாகிவிடுகிறது, உதவி தேவை

வெண்பனி:
தி லாங் டார்க் வீடியோ கேமில் சர்வைவல் மோடு (பனிக்காட்டில் உயிர் பிழைத்திருக்கும் ஆட்டம்), மிஸ்டரி லேக் என்ற பகுதி. 2018-ல் வந்த சமையல் அப்டேட்டுக்கு முன்னால் விளையாடிவிட்டு இப்போதுதான் திரும்பி வந்திருக்கிறேன். அப்போதெல்லாம் மெனுவில் கறியைத் தேர்ந்தெடுத்துக் காத்திருந்தால் போதும். இப்போது அடுப்பின் மேல் வைத்து, நேரம் பார்த்து எடுக்க வேண்டியிருக்கிறது.

நேற்று ஒரு மான் கிடைத்தது. இரண்டு துண்டை அடுப்பில் வைத்தேன். நேரத்தைப் பார்த்தேன், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. சரி என்று படுத்து எழுந்தால் ஒன்று பதமாக இருக்கிறது, இன்னொன்று கருகிவிட்டது. அடுத்த முறை டப்பாவில் தண்ணீரும் பக்கத்தில் கறியும் வைத்தேன். டப்பா காலி! இது கேமின் கோளாறா (பக்)?

அடுப்பங்கரை:
பக் இல்லை ப்ரோ. இரண்டு துண்டும் ஒரே எடையா? தீ இன்னும் எவ்வளவு நேரம் எரியும் என்று காட்டியது?

வெண்பனி:
ஒன்று ஒரு கிலோ, இன்னொன்று அரைக் கிலோ இருக்கும். தீ ஐந்து மணி நேரத்துக்கு மேல். வெளியே ஓநாய் ஊளையிட்டது, பயத்தில் இருந்த விறகை எல்லாம் திணித்துவிட்டேன் :)

அடுப்பங்கரை:
அங்கேதான் தப்பு. எடை கூடினால் வேகும் நேரமும் கூடும். நீங்கள் பார்த்தது பெரிய துண்டின் நேரம். சின்னது எப்போதோ வெந்து, எடுக்க ஆளில்லாமல் கருகியிருக்கிறது. தூக்கம் ஒரு மணி நேரக் கணக்கில்தான் போகும், நடுவில் எழுந்து பார்க்க முடியாது.

நான் செய்வது இதுதான்: தீயின் நேரத்தைச் சமையல் நேரத்தோடு பொருத்திவிடுவேன். கறி வேக ஐம்பது நிமிடம் என்றால், தீ ஐம்பத்தைந்து நிமிடத்தில் அணையும்படி விறகு போடுவேன். தீ அணைந்துவிட்டால் வெந்த கறி அப்படியே இருக்கும், கருகாது. ஆறித்தான் போயிருக்கும். ஒரே எடைத் துண்டுகளை ஒன்றாக வையுங்கள். தண்ணீர் வைத்தால் தூங்கவே போகாதீர்கள், பக்கத்திலேயே நாற்காலியை உடைத்து விறகாக்குங்கள், கந்தல் துணியைத் தையுங்கள்.

வெண்பனி:
அப்போ தண்ணீர் வற்றியதும் அதே கதைதானா?

பாலைவனத்துக்காரன்:
அதேதான். ஆனால் தண்ணீர் விஷயத்தில் எனக்கு கேம் மேல் ஒரு மனக்குறை. பனியை உருக்கிவிட்டு அப்புறம் கொதிக்க வைக்கச் சொல்கிறதே, அது நியாயம். ஒரு கிலோ பனிக்கட்டி வெறுமனே உருக 334 கிலோஜூல் வேண்டும். உருகிய தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக 420 போல. ஆக உருக்குவதே பாதி வேலை. ஆனால் அதே ஒரு லிட்டர் முழுக்க ஆவியாக 2,250 கிலோஜூலுக்கு மேல் வேண்டும், அதாவது கொதிக்க வைத்ததைப் போல ஐந்து மடங்குக்கு மேல். கேமில் டப்பா அவ்வளவு பொறுமையாக வற்றுவதில்லை.

நிஜத்தில் வெறும் சட்டியில் பொடிப்பனியை மட்டும் போட்டுச் சூடேற்றினால் அடிபிடித்த வாடை வரும். மலையேறுபவர்கள் முதலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் பனியைப் போடுவார்கள். கேமில் அது கிடையாது. பூட்டிய வீட்டுக்குள் இத்தனை பனி எங்கிருந்து வருகிறது என்றும் கேட்கக்கூடாது.

அடுப்பங்கரை:
ஹாஹா. இன்னொன்று, ஓநாய்க்கறி, கரடிக்கறி நன்றாக வெந்திருந்தாலும் வயிற்றுப்புழு வரும் வாய்ப்பு உண்டு. சமையல் திறன் ஐந்தாம் நிலைக்குப் போனால்தான் அந்தத் தொல்லை தீரும். அதுவரை மான், முயல், மீன்.

வெண்பனி:
செய்து பார்த்தேன். கறி அருமை, இரண்டு துண்டும் தப்பித்தது. ஆனால் தண்ணீரைச் சேர்த்து வைத்ததில் விறகுக் கணக்குத் தப்பி, கொதிப்பதற்குள் தீ அணைந்துவிட்டது. இப்போது டப்பாவில் இருப்பதைக் குடிக்கலாமா?

அடுப்பங்கரை:
தொடாதீர்கள், வயிற்றுப்போக்கு வரும். ஒரு குச்சியைப் போட்டு மறுபடி பற்ற வைத்து, அதே தண்ணீரைக் கொதிக்க விடுங்கள்.