கேரவன் டயர் வெடிப்பு: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

ஊர்சுற்றி (அடிலெய்ட்)

காருக்குப் பின்னால் கேரவனை (சக்கரம் வைத்த வீடு) இழுத்துக்கொண்டு வந்தோம். தென் ஆஸ்திரேலியாவில் கூபர் பீடியை விட்டால் தெற்கே கிளெண்டாம்போ வரை 250 கி.மீ. சும்மா கிடக்கும், போனவர்களுக்குத் தெரியும். ரேடியோவை லாரிக்காரர்கள் பேசும் 40-ம் சேனலில் வைத்திருந்தேன். பின்னால் வந்த ரோடு டிரெயின் (பல டிரெய்லர் கோத்த நீள லாரி) ஓட்டுநர் கூப்பிட்டார். "வெள்ளை கேரவன், உன் இடது பின் டயரில் புகை வருது." எனக்கு ஸ்டியரிங்கில் ஒன்றுமே தெரியவில்லை. பக்கத்துக்கு இரண்டு சக்கரம் உள்ள இரட்டை ஆக்ஸில் வண்டியில் அதுதான் சிக்கல். ஒரு டயர் போனால் பக்கத்து டயர் சுமையை வாங்கிக்கொள்ளும், முன்னால் உட்கார்ந்திருப்பவனுக்குச் சேதி வராது.

ஓரம் கட்டிப் பார்த்தால் டயரின் மேல்தோல் பட்டையாக உரிந்து தொங்குகிறது. சக்கரம் சுற்றச் சுற்ற அது வண்டியின் அடியில் போய் அடித்திருக்கிறது. உள்ளே போய் மகளின் கீழ்ப்படுக்கையைத் தூக்கினேன். தரைப்பலகையில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை. அதன் வழியே செம்மண் தெரிகிறது. தலையணை உறையெல்லாம் கறுப்பு ரப்பர் தூள். இரண்டு அங்குலம் தள்ளி கேஸின் செப்புக்குழாய் போகிறது. அந்த இரண்டு அங்குலத்தை என்னால் மறக்க முடியவில்லை.

கிளம்பும் முன் ஒரு டயர் கடையில் காட்டிவிட்டுத்தான் போனேன். "பட்டன் புதுசு மாதிரி இருக்கு, தைரியமா போங்க" என்றார்கள். பட்டன், அதாவது மேல்தோலின் வெட்டுகள், அப்படித்தான் இருந்தது. ஆனால் பக்கவாட்டில், டயர் எப்போது தயாரானது என்று சொல்லும் டி.ஓ.டி. எண்ணின் கடைசி நான்கு இலக்கம் 2313. அதாவது 2013-ம் வருடம், 23-ம் வாரம். பத்து வயதைத் தாண்டிய ரப்பர். கடையில் யாரும் குனிந்து அதைப் படிக்கவில்லை.

டீசல் பிரியன் (பெர்த்)

அண்ணா, குழாய் தப்பித்தது பெரிய விஷயம். ஆனால் எல்லாப் பழியையும் வயதின் மேல் போடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். டயரைக் கொல்வது சூடு. சூட்டைக் கிளப்புவது காற்றுக் குறைவு. காற்று குறைந்தால் பக்கவாட்டு ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கி நிமிரும், அந்த உழைப்பெல்லாம் சூடாகத்தான் போகும்.

நல்லார்பர் சமவெளியில் பலடோனியாவுக்கும் கைகுனாவுக்கும் நடுவே 146.6 கி.மீ. வளைவே இல்லாத சாலை. அது முடிந்து டீ குடிக்க நிறுத்தி, வழக்கம்போல டயர்களைப் புறங்கையால் தொட்டுக்கொண்டே போனேன். மூன்று கதகதப்பாக இருந்தன, நான்காவதில் கை வைக்க முடியவில்லை. வால்வின் அடியில் எச்சில் தடவினேன், பொடிப்பொடியாகக் குமிழி. வால்வின் மேல் திருகிய அழுத்த சென்சாரின் எடையில் ரப்பர் காம்பு ஆடி ஆடி வெடிப்பு விட்டிருந்தது. டயர் சூடானதால் அழுத்தம் ஏறி, கசிவை மறைத்துவிட்டது. அலாரம் அடிக்கவே இல்லை. சென்சார் மாட்டியிருப்பவர்கள் தயவுசெய்து உலோக வால்வுக்கு மாறுங்கள்.

அப்புறம், காலையில் வெயில் படும் முன் காற்றை அளந்துகொள்ளுங்கள். ஒரு மணி நேரம் ஓடியபின் திரும்ப அளங்கள். 4 பி.எஸ்.ஐ. அளவுக்கு ஏறியிருந்தால் சரி. அதற்கு மேல் ஏறினால் நீங்கள் வைத்தது குறைவு, மறுநாள் காலை கூட்டுங்கள். சூட்டில் ஏறிய காற்றை மட்டும் இறக்கிவிடாதீர்கள்.

வன்னிப்பறவை (மெல்பேர்ண்)

வயதா காற்றா என்று நீங்கள் இரண்டு பேரும் வாதாடுங்கோ. எங்களுடையது ஒற்றை அச்சுக் கரவன். ஹியூம் நெடுஞ்சாலையில், கண்டகாய்க்குக் கிட்ட ஒரு இறக்கத்தில் வலது ரயர் வெடித்தது. திருவிழா வேட்டு மாதிரிச் சத்தம். நான் என் பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன். எங்கள் கரவனின் வாசற்கதவு அதில் முழுதாகத் தெரிந்தது. பின்னால் வரவேண்டியது பக்கத்தில் வருகிறது! கைப்பிடி, படி, நான் ஒட்டின பிள்ளையார் படம் எல்லாம் தெரிந்தது.

இவர் கால் பிரேக்கைத் தொடவில்லை. அக்சிலேட்டரை மெல்ல விட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி, பிரேக் கன்ட்ரோலரின் குமிழைக் கையால் அழுத்தி கரவனின் பிரேக்கை மட்டும் பிடித்தார். இரண்டு தரம் ஆடிவிட்டு அது நேராக வந்தது. இன்றைக்கும் ஏதாவது கதவின் கைப்பிடியைத் தற்செயலாகப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும்.

பழைய மெக்கானிக் (பிரிஸ்பேன்)

எனக்குச் சொந்தமாக கேரவன் கிடையாது. மருமகனுடையதை இழுத்துக்கொண்டு டூவும்பா மலையிறக்கத்துக்கு முன் நிறுத்தியபோது, புதிதாக மாட்டிய சக்கரத்தில் ஒரு நட்டு விரலால் திருகும் அளவுக்குத் தளர்ந்து கிடந்தது. என் கதை அவ்வளவுதான். ஆனால் இங்கே யாருமே சுமையைப் பற்றிப் பேசவில்லை, அதனால் சொல்கிறேன்.

தங்கச்சி, உங்கள் ஒற்றை ஆக்ஸில் வண்டியில் 1,600 கிலோ இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டயருக்கு 800. டயரின் அளவுக்குப் பக்கத்தில் உள்ள எண் 101 என்றால் அது தாங்குவது 825 கிலோ. 25 கிலோதான் மிச்சம். அதுவே 97 என்றால் 730, கிளம்பும்போதே மீறியாகிவிட்டது. 104 போட்டால் 900 வரை தாங்கும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 90 லிட்டர் தொட்டி இரண்டு நிரம்பினால் 180 கிலோ. அரிசி மூட்டை, கிரைண்டர், பேட்டரி எல்லாம் நம் ஆட்கள் ஒரே பக்கத்தில்தான் அடுக்குவார்கள், அந்தப் பக்கத்து டயருக்கு இன்னும் கூடும். பயணத்துக்கு அடுக்கியது அடுக்கியபடி எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள்.

பெர்த் தம்பி, உங்கள் 4 பி.எஸ்.ஐ. கணக்கு சாதாரண டயருக்கு. லைட் டிரக் டயருக்கு 6 என்றுதான் பலரும் வைத்துக்கொள்கிறார்கள். உங்கள் ஊரில் எதையாவது இழுத்தால் 100 கி.மீ.க்கு மேல் போகக்கூடாது என்பதையும் எழுதியிருக்கலாம், வேகமும் சூடுதானே. சக்கரம் கழற்றி மாட்டினால் முதல் 50 முதல் 100 கி.மீ.க்குள் நட்டுகளை டார்க் ஸ்பானர் வைத்து மறுபடி இறுக்குங்கள். காரின் ஜாக்கி கேரவனுக்குச் சேரும் என்று நம்பாதீர்கள், நட்டு அளவும் வேறாக இருக்கும். வீட்டு வாசலிலேயே ஒரு தடவை கழற்றி மாட்டிப் பாருங்கள்.

மழைநாடன் (லண்டன்)

இங்கே கேரவன் இழுத்தால் வேகம் 60 மைலுக்கு மேல் கிடையாது, வெயிலும் இல்லை. அப்படியும் டெவன் போகிற வழியில் எம்5 நெடுஞ்சாலையில் எனக்கு முன்னால் போன கேரவனின் டயர் உரிந்து, மட்கார்டு பறந்து என் பானட்டில் விழுந்தது. வருடத்தில் பாதி நாள் ஒரே இடத்தில் நிற்கிற டயர் தேயாது, உள்ளுக்குள் செத்துவிடும். 5 வருடத்தில் மாற்று, 7-ஐத் தாண்டாதே என்பதுதான் இங்கே கேரவன்காரர்களுக்குச் சொல்லப்படும் கணக்கு. நான் ஊர்சுற்றி பக்கம்.

ஊர்சுற்றி (அடிலெய்ட்)

டீசல் தம்பி, கூபர் பீடியில் காலை ஆறு மணிக்கு அளந்தேன், நான்கும் சமம். உரிந்த பட்டையை வீட்டுக்கு எடுத்து வந்திருக்கிறேன். எஃகுக் கம்பி வலையிலிருந்து மேல்தோல் தனியாகக் கழன்றிருக்கிறது. காற்றுக் குறைவில் ஓடிய டயராக இருந்தால் பக்கவாட்டின் உட்புறம் அரைபட்டுத் தூளாகியிருக்கும். இதில் அது இல்லை. வால்வு விஷயம் சரி, நாளைக்கே உலோகத்துக்கு மாற்றுகிறேன்.

ஐயா, ஸ்டெப்னி எண்ணையும் பார்த்தேன். அதுவும் 2313. அதை மாட்டிக்கொண்டுதான் போர்ட் அகஸ்டா வரை வந்திருக்கிறோம். இப்போது ஐந்தும் புதுசு.