மொரீஷியஸில் ஒரே ஒரு மலைதான் ஏற முடியும் என்றால் எது?

கேள்வி: தாமிரபரணிக்காரன்

ஆகஸ்டில் அம்மாவுடன் மொரீஷியஸ் போகிறேன். எரிமலைத் தீவு என்கிறார்கள். மலையேற எனக்கு ஒரு காலைப்பொழுதுதான் கிடைக்கும். இணையம் முழுக்க லே மோர்ன் படங்கள்தான். அதையே ஏறிவிடலாமா? அம்மாவுக்கு மூட்டுவலி. அவரும் ஓர் எரிமலை வாயையாவது பார்க்க வழியுண்டா?

பதில்: மொக்காவாசி

பல ஆண்டுகளாக இங்கே கணக்கு எழுதிப் பிழைக்கிறேன். லே மோர்ன் வேண்டாம், லெ பூஸ் ஏறுங்கள்.

லே மோர்ன் 556 மீட்டர்தான். ஆனால் மேற்பகுதியில் கையும் காலும் ஊன்றித்தான் பாறையில் ஏற வேண்டும். தப்பியோடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த மலை அது. 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததும் அந்த வரலாற்றுக்காகத்தான். படம் மட்டும் போதுமென்றால் கடற்கரையில் நின்றே எடுத்துக்கொள்ளலாம்.

லெ பூஸ் 812 மீட்டர். சார்லஸ் டார்வின் 1836 மே மாதத்தில் ஏறியது இதைத்தான். மொக்கா பக்கமிருந்து கரும்புத் தோட்டம் வழியாகப் பாதை தொடங்கும். ஆகஸ்ட் கரும்பு வெட்டும் பருவம், லாரிகளுக்கு வழி விடுங்கள். கடைசிச் சில நிமிடங்கள்தான் செங்குத்து.

உச்சியில் துறைமுகத்தைப் பார்த்துவிட்டு உடனே இறங்கிவிடாதீர்கள். கிழக்கே தலையில் குண்டுக்கல்லைச் சுமந்து நிற்பது பீட்டர் போத். 1615இல் இத்தீவருகே கப்பல் உடைந்து இறந்த டச்சு ஆளுநரின் பெயர் அது. (கயிறு இல்லாமல் அதில் ஏற நினைக்காதீர்கள்.) தென்மேற்கே கோர் து கார்த், அதற்கும் அப்பால் பிளாக் ரிவர் மலைகள். தனித்தனி மலைகளாகத்தான் தெரியும். உண்மையில் இவை எல்லாம் ஒரே பழைய எரிமலையின் உடைந்த விளிம்பு. நடுவில் நாங்கள் வீடு கட்டிக் குடியிருக்கும் மேட்டுநிலம் அதன் வயிறு. இது கண்ணுக்குப் புலப்படும் இடம் லெ பூஸ் உச்சி. லே மோர்னில் கடல்தான் தெரியும். கடலை எங்கும் பார்க்கலாம்.

அம்மாவை க்யூர்பீப் நகரிலுள்ள த்ரூ ஓ ஸெருக்குக் காரில் அழைத்துப் போங்கள். எரிமலை வாயின் விளிம்பிலேயே சாலை. உள்ளே மரங்கள், அடியில் சேற்றுக்குட்டை. தீக்குழம்பை எதிர்பார்த்து வருபவர்கள் முகம் சுளிக்கிறார்கள். அதற்குப் பக்கத்துத் தீவான ரீயூனியனுக்குத்தான் போக வேண்டும்.

பதில்: புனே தமிழன்

ஒரு சிறு திருத்தம். விளிம்பு உடைந்ததில் மழைக்கும் ஆறுகளுக்கும் பெரும் பங்குண்டு. பழைய எரிமலை எழுந்து சுமார் 80 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. த்ரூ ஓ ஸெர் அதற்கு மிகவும் பிந்தியது. இன்னொன்று: தக்காணத்தின் கரும்பாறையும் மொரீஷியஸும் இன்று ரீயூனியனில் கனன்றுகொண்டிருக்கும் அதே நிலத்தடி அடுப்பில் வெந்தவை. அதன் மேலிருந்து இந்தியா நகர்ந்து வந்துவிட்டது, அவ்வளவுதான்.

பதில்: மொக்காவாசி

மழையையும் ஆற்றையும் நான் விட்டது சரியில்லைதான். ஆனால் முதல்முறை வருபவரிடம் எல்லாவற்றையும் கொட்டினால் மலையை எப்போது பார்ப்பார்?

தாமிரபரணிக்காரன்

நன்றி, லெ பூஸ்தான். அம்மா கோயிலும் கேட்கிறார். ஆகஸ்டில் மழை இருக்குமா?

பதில்: மொக்காவாசி

கோர் து கார்த் சரிவிலேயே முருகன் கோயில் இருக்கிறது. தைப்பூசத்துக்குக் காவடிகள் ஏறும் இடம். மற்ற நாட்களில் கூட்டமிருக்காது. படிகள் உண்டு, மெதுவாக ஏறச் சொல்லுங்கள். ஆகஸ்ட் இங்கே குளிர்காலம். மேட்டுநிலத்தில் தூறலும் காற்றும் சாதாரணம், பாதை வழுக்கும். பிடிப்புள்ள காலணி போடுங்கள். விடிந்ததும் கிளம்பிவிடுங்கள், வெயில் ஏறினால் உச்சியை மேகம் மூடிவிடும். க்யூர்பீப்புக்குக் குடை கட்டாயம்.