மறு: குரூஸ் கண்ட்ரோலுக்குத் தமிழ்ச் சொல்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

குரூஸ் கண்ட்ரோல், அதாவது காலை எடுத்துவிட்டாலும் வண்டியை ஒரே வேகத்தில் ஓடவைக்கும் கருவி. அதற்குப் போன வாரம் நான் முன்வைத்த 'சீர்வேகி'யைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். 'முடுக்கி' போல 'வேகி' என்று ஆக்க முடியாது என்று குழுமத்தில் ஐயா எழுதியது சரி. முடுக்கு என்ற வினை இருப்பதால் முடுக்கி (ஆக்ஸிலரேட்டர்) வந்தது. 'வேகி' என்றால் அடுப்பில் வேகும் சோறுதான் நினைவுக்கு வருகிறது.

இந்த இழையை நான் தொடங்கியதற்குக் காரணம் என் பழைய ஸ்போர்ட்ஸ் கார். 1980களில் வந்த, இரண்டே இருக்கை, கையால் கியர் மாற்றும் வண்டி. ஹியூஸ்டனிலிருந்து சான் அன்டோனியோ போகும் வழியில் மணிக்கு 65 மைல் வேகத்தில் பொத்தானை அழுத்தினால் வேகத்தைப் பிடிக்கும். பத்து நொடியில் மெல்ல நழுவவிடும். ஊரில் இருக்கும் தம்பிக்கு இதைத் தொலைபேசியில் விளக்கும்போதுதான் சொல் இல்லாமல் திண்டாடினேன். "வேகக் கட்டுப்பாடு வேலை செய்யவில்லை" என்றேன். பேருந்தில் மாட்டும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி என்று அவன் எடுத்துக்கொண்டான். அது வேகத்தை ஓர் எல்லைக்கு மேல் ஏறவிடாது. இதுவோ ஏறவும் விடாது, இறங்கவும் விடாது. 'கட்டுப்பாடு' வேண்டாம் என்று நான் சொல்வது அதனால்தான்.

நண்பர்கள் சொன்ன 'வேகப்பிடி'யும் சரிவராது. நம் பேச்சில் வண்டி "வேகம் பிடித்தது" என்றால் விரைவு கூடியது என்று பொருள். 'உலா' அழகான சொல், ஆனால் பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கும் என்று அது சொல்லவில்லை.

குரூஸ் கண்ட்ரோலைக் கண்டுபிடித்தவர் ரால்ஃப் டீட்டர். ஐந்து வயதில் பார்வை இழந்தவர், இண்டியானா மாநிலத்துப் பொறியாளர். தன் வழக்கறிஞர் பேசிக்கொண்டே ஓட்டும்போது வண்டி கூடியும் குறைந்தும் குலுங்கியது அவரைப் படுத்தியதாம். 1950இல் காப்புரிமை கிடைத்தது. அவர் வைத்துப் பார்த்த பெயர்களில் ஒன்று ஸ்பீடோஸ்டாட். தெர்மோஸ்டாட்டில் வரும் அதே 'ஸ்டாட்', நிலையாக நிற்கவைப்பது. 1958இல் கிரைஸ்லர் கார் நிறுவனம் இதை 'ஆட்டோ பைலட்' என்று விற்றது. குரூஸ் கண்ட்ரோல் என்பது கேடிலாக் என்ற இன்னொரு கார் நிறுவனம் வைத்த பெயர். விற்பனைக்காக வைத்த பெயரை நாம் ஏன் மொழிபெயர்க்க வேண்டும்? டீட்டரின் 'ஸ்டாட்' தரும் பொருளையே எடுத்துக்கொள்வோம்.

சரி, பழுதுக்கு வருகிறேன். முதலில் ஃபியூஸ் பார்த்தேன், பிறகு பிரேக் விளக்குகள். சில பழைய கார்களில் பின்னால் பல்பு எரிந்துபோனாலே இது வேலை செய்யாது. எல்லாம் நன்றாக இருந்தன. என் வண்டியில் எஞ்சின் உறிஞ்சும் காற்றின் குறைந்த அழுத்தம் ஒரு ரப்பர் சவ்வை இழுக்கும். சவ்வு கம்பியை இழுக்கும். கம்பி, எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலைத் திறக்கும். கைப்பம்பை வைத்து உறிஞ்சிப் பார்த்தபோது சவ்வு இழுபட்ட நிலையிலேயே நின்றது, ஓட்டை இல்லை. அதே பம்பைப் பிரேக் மிதிக்கு மேலே இருக்கும் சிறு வால்வில் வைத்தேன். பம்பில் அழுத்தம் காட்டும் முள் உடனே விழுந்தது, காற்று சீறியது. மிதியை மிதித்ததும் காற்றை உள்ளே விட்டு எல்லாவற்றையும் விடுவிக்க வேண்டிய வால்வு அது. யாரோ முன்பு மிதியைக் கழற்றி மாட்டியதில் நகர்ந்து, மிதிக்காதபோதும் கொஞ்சம் திறந்தே இருந்திருக்கிறது. சில மில்லிமீட்டர் தள்ளிப் பொருத்தினேன், அவ்வளவுதான். கிளட்ச் மிதியிலும் இதே வேலைக்கு ஒரு சுவிட்ச் உண்டு. அது இல்லையென்றால் கிளட்சை மிதித்ததும் எஞ்சின் அலறிவிடும்.

ஆக இந்தக் கருவிக்கு வேலை இரண்டு: காப்பது, விடுவது. என் வண்டியில் கெட்டது விடும் பக்கம். அதனால்தான் 'காப்பு' என்ற சொல்லுக்கு வந்தேன். ஆனால் வெறும் 'வேகக்காப்பு' போதாது. தீக்காப்பு தீயிலிருந்து காப்பது. அதுபோல இதையும் வேகத்திலிருந்து காப்பது என்று படித்துவிடுவார்கள். 'சீர்' சேர்ந்தால் அந்தக் குழப்பம் இல்லை. சீரான வேகத்தைக் காப்பது: சீர்வேகக் காப்பு.

இதிலிருந்து மற்றவையும் கிளைக்கும். கம்பியை இழுக்கும் பகுதி காப்பு இழுப்பான் (அழிப்பான் போல). இதை 'இயக்கி' என்றால் கணினிக்காரர்கள் ஏற்கெனவே 'டிரைவர்' என்பதற்கு எடுத்துக்கொண்ட சொல்லோடு மோதும். மிதியில் இருப்பது விடுவிப்பு வால்வு. முன்னே போகும் வண்டியைப் பார்த்துத் தானே தள்ளிநிற்கும் புதிய வகை, இடைவெளி காக்கும் சீர்வேகக் காப்பு. அது நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் எனக்கு நிறைவாக இல்லை. வாக்யூமுக்கு 'வெற்றிடம்' என்றே எழுதுகிறோம், ஆனால் எஞ்சினில் இருப்பது முழு வெற்றிடம் அல்லவே. மேட்டில் த்ராட்டில் திறக்கத் திறக்க அந்த உறிஞ்சும் விசை இன்னும் குறையும். அதற்காகவே தனியாக ஒரு சேமக்கலனும் ஒருவழி வால்வும் வைத்திருக்கிறார்கள். 'உறிஞ்சழுத்தம்' எனலாமா? பட்டறையில் வேலை செய்யும் நண்பர்கள் யாராவது வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து எழுதுங்கள். மறுப்பு வராவிட்டால் சீர்வேகக் காப்பை மட்டும் இந்த வார இறுதியில் விக்சனரி இணைய அகராதியில் சேர்க்கிறேன்.