சொந்தமில்லாத பெரியவர் தவறிவிட்டார், இனி அந்த வீட்டுக்குப் போகலாமா?

வைகைக்கரையான் கேட்டது:

போன மாதம் என் நண்பர் ஒருவர் தவறிவிட்டார். அவருக்கு 86 வயது, எனக்கு 34. ஐம்பதுகளின் கடைசியிலிருந்து மதுரை அச்சகங்களில் கம்போசிடராக, அதாவது அச்சுக்கு ஈய எழுத்துகளைக் கோக்கிறவராக இருந்தவர். கம்ப்யூட்டர் வந்து, முதலாளிகள் ஈய எழுத்துகளை எடைக்குப் போட்டபோது அவர் வேலையும் போனது. நான் கணக்கு எழுதும் வேலையில் இருப்பவன், அச்சுத் தொழிலுக்கும் எனக்கும் சம்பந்தமே கிடையாது. சிம்மக்கல் நூலகத்தில் ஒருநாள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன், எதிரே உட்கார்ந்திருந்தவர் "தம்பி, மூணாவது பத்தியில ஒரு ஒற்று விட்டுப்போச்சு பாருங்க" என்றார். பேப்பர் என் பக்கம் பார்த்து விரிந்திருந்தது, அவருக்கு எல்லாமே தலைகீழ். எழுத்துக் கோக்கிறவர்கள் இடவலம் மாறிய ஈய எழுத்தைத் தலைகீழாக வைத்துத்தான் வாசிப்பார்களாம், அந்தக் கண்ணுக்கு இது ஒன்றுமே இல்லை என்று அப்புறம் சொன்னார்.

அன்றிலிருந்து பழக்கம். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போவேன். அம்மா (அவர் மனைவி) காபி கொடுப்பார், இவர் பேசுவார். கோத்த எழுத்துகளை வரிசையாக அடுக்கிப் பிடிக்கும் பழைய ஸ்டிக் ஒன்றைத் துணியில் சுற்றி வைத்திருந்தார். அதை இடது கையில் பிடித்துக்கொண்டு வெறும் மேசைக்கு முன்னால் நின்று காட்டுவார், எழுத்துப் பெட்டி போய் முப்பது வருஷம் ஆகியும் 'க' இருந்த இடம், 'ம' இருந்த இடம் என்று வலது கை காற்றில் தானாகப் போகும், எடுத்த எழுத்தின் பக்கவாட்டில் இருக்கும் பள்ளத்தைக் கட்டைவிரல் தடவி நேராக்கும். கையில் எழுத்தே இல்லை, ஆனால் விரல் தடவும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்தால் ணை, லை, ளை, னைக்குத் தனி எழுத்து தேவையில்லாமல் போனதில் தொழிலாளியாக அவருக்குச் சந்தோஷம்தான், பெட்டியில் தேடுவது குறைந்ததே. ஆனாலும் கையால் எழுதும்போது கடைசிவரை துதிக்கை வைத்த பழைய லைதான் போட்டார். 2023-ல் நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்ததும் முதலில் என்னைத்தான் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார்.

இறந்த செய்தியே அவர் மகன் வைத்த ஸ்டேட்டஸைப் பார்த்துத்தான் தெரிந்தது. ஓடினேன். "நீங்க என்ன உறவு?" என்று யாரோ கேட்டார்கள், தெரிந்தவர் என்றேன். தத்தனேரி சுடுகாடு வரைக்கும் போய்விட்டு வந்தேன். மறுநாள் ஆபீஸில் சொன்னால் "தாத்தாவா?" என்கிறார்கள், இல்லையென்றதும் பேச்சு முடிந்துவிடுகிறது.

பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. அம்மா இப்போது தனியாகத்தான் இருக்கிறார், மகன் வெளியூர். நான் இனியும் ஞாயிற்றுக்கிழமை போகலாமா, போனால் அவருக்கு அது ஆறுதலா, இல்லை புண்ணைக் கிளறுவதா என்று தெரியவில்லை. இப்படி வயதான நண்பரைப் பறிகொடுத்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அவர் குரல் கொஞ்சம் வாட்ஸ்அப்பில் இருக்கிறது, அதை என்ன செய்வது என்பதையும்.

காவிரிச்செல்வி:

போங்க. பதினாறு நாளும் வீடு நிறைய ஆள் இருக்கும், பதினேழாம் நாள் கதவைத் தட்ட ஒருத்தர் இருக்க மாட்டார்கள்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் இருந்தார், எனக்கு அம்மா வயதுக்கும் மேல், ஆனால் தோழி. அவர் போனபிறகு அவர் கணவரிடம் என்ன பேசுவது என்றே புரியவில்லை, அதுவரை எங்களுக்குள் "வாம்மா" என்ற ஒரு வார்த்தைக்கு மேல் பேச்சே இருந்ததில்லை. துக்கம் விசாரிக்கிற மாதிரி போய் உட்கார்ந்தால் இரண்டு பேருக்கும் கஷ்டம். அதனால் ஏதாவது ஒரு வேலையை வைத்துக்கொண்டு போனேன். குடும்ப ஓய்வூதியத்துக்கு வருஷா வருஷம் கருவூலத்தில் நேர்காணல் உண்டே, அதற்குக் கூட்டிக்கொண்டு போவது, பாஸ்புக்கில் வரவு போடுவது, கேஸ் பதிவு செய்வது. வழியில் அவரே மனைவி பேச்சை எடுப்பார். நாமாக எடுக்க வேண்டியதே இல்லை. நீங்கள் கணக்கு தெரிந்தவர் வேறு, ஒருவர் போனபிறகு வீட்டில் பார்க்க வேண்டிய பேப்பர் எவ்வளவு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம்.

அப்புறம், "தெரிந்தவர்" என்று சொன்னதைப் போட்டு மனதை வருத்திக்கொள்ளாதீர்கள். சாவு வீட்டு வாசலில் வேறு என்ன சொல்ல முடியும்.

மாட்டுத்தாவணி மணி:

போகலாம், ஆனால் முதலில் மகனுக்கு ஒரு போன் போடுங்கள். "நான் வாரம் ஒருதடவை எட்டிப்பார்த்துட்டு வர்றேன்"னு நீங்களே சொல்லிவிட்டால் அவருக்கும் நிம்மதி. வயதானவர் தனியாக இருக்கிற வீட்டுக்குச் சொந்தம் இல்லாத ஆள் வந்துபோனால் சொத்துக்கு அடிபோடுகிறான் என்று பேச நாலு பேர் கிளம்புவார்கள். என் அனுபவம் இது, அதற்கு மேல் எழுத விருப்பமில்லை.

பனங்கூடல்:

நான் யாழ்ப்பாணம், இப்ப கனடாவில். எங்கட பக்கம் முப்பத்தோராம் நாள் செய்யிற அந்தியேட்டிக் கிரியையோட நினைவு மலர் அடிச்சுக் குடுக்கிற வழக்கம் இருக்கு. தேவாரம், வாழ்க்கை வரலாறு, வம்ச வழி, கடைசியில பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கூட்டாளிமாரும் எழுதினது. என்னோட கடிதத் தொடர்பில இருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருத்தர் செத்தபோது அவர் மகள் என்னட்டையும் ஒரு பக்கம் கேட்டா. பதினஞ்சு வருஷக் கடிதங்களையும் திரும்ப எடுத்து வாசிச்சுத்தான் அந்த ஒரு பக்கத்தை எழுதினன், அழுதழுது எழுதினன். அப்பதான் நெஞ்சு கொஞ்சம் இளகினது. இப்படியான மலர்கள் கனக்க 'நூலகம்' இணையத்தளத்தில ஏத்தி வைச்சிருக்கினம். 1981இல பொது நூலகம் எரிஞ்சதைக் கண்ட சனம், ஒரு துண்டுத்தாளையும் லேசில விடாது.

உங்கட ஐயா வாழ்நாள் முழுக்க மற்றாக்களுக்கு எழுத்துக் கோத்தவர். அவருக்கெண்டு பதினாறு பக்கத்தில ஒரு சின்னப் புத்தகம் போடுங்கோ. நீங்கள் மேல எழுதினதே பாதி வந்திட்டுது.

பழையதாள்:

குரல் பதிவுகளை உடனே போனிலிருந்து வெளியே எடுங்கள். வாட்ஸ்அப்பில் இருப்பது போன் மாற்றும்போது, இடம் அடைக்கிறதென்று அழிக்கும்போது போய்விடும். ஒவ்வொன்றையும் தனிக் கோப்பாக ஏற்றுமதி செய்து, பேசிய தேதி, பேசிய விஷயம் இரண்டையும் கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். இரண்டு இடத்தில் வையுங்கள், மகனுக்கு ஒரு பிரதி கொடுங்கள். அம்மாவிடம் கேட்காமல் போட்டுக் காட்ட வேண்டாம், குரலைத் திடீரென்று கேட்பது சிலருக்குத் தாங்காது.

அவர் கோத்த நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை ஏதாவது வீட்டில் இருந்தால் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடாமல் பாருங்கள். சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது, அங்கே புத்தகங்களோடு பழைய அழைப்பிதழ், நாடக நோட்டீஸ் எல்லாம்கூட இருக்கின்றன. கோட்டையூரில் சைன்போர்டு எழுதிக்கொண்டிருந்த ஒரு மனிதர் தேடித்தேடிச் சேர்த்ததில் ஆரம்பித்த நூலகம் அது. எழுதிக் கேட்டுப் பாருங்கள்.

வைகைக்கரையான்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று மகனுக்குப் போன் செய்தேன். நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள், அம்மா போன ஞாயிறே "அந்தத் தம்பி ஏன் வரல"ன்னு கேட்டாங்க என்றார். வங்கிக் கணக்கை அம்மா பெயருக்கு மாற்றுகிற வேலையும் நிற்கிறதாம், அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

புத்தக யோசனை மனதில் நன்றாகப் பிடித்துக்கொண்டது. பனங்கூடல், அந்த நினைவு மலரில் யார் எதை எழுதுவார்கள், எந்த வரிசையில் வரும் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியுமா? அவரோடு வேலை பார்த்தவர் ஒருவர் செல்லூரில் இருக்கிறார், அவரிடமும் ஒரு பக்கம் கேட்கப் போகிறேன். ஒற்றுப்பிழை பார்க்க மட்டும் நல்ல ஆள் வேண்டும். யாராவது முன்வந்தால் தனிமடல் போடுங்கள், இந்தப் புத்தகத்தில் ஒரு பிழைகூட இருக்கக் கூடாது.